நாலு பக்க ஸ்டாப்ல ஆளில்லா டாக்ஸி நிக்குது, நானும் நிக்கிறேன். யாரு முதல்ல போறதுன்னு அது எப்படி முடிவு பண்ணுது?

மாசிவீதி எழுதியது:

வணக்கம். நான் மதுரைக்காரன், சான் ஃப்ரான்சிஸ்கோ வந்து பதினாலு மாசம் ஆகுது. வண்டி ஓட்டப் பழகுனது எல்லாம் ஊர்ல தான், விளக்குத்தூண்ல இருந்து கீழவாசல் வரைக்கும் மாடு, ஷேர் ஆட்டோ, தள்ளுவண்டி எல்லாத்துக்கும் நடுவுல ஓட்டுன கை இது, அதனால டிராஃபிக்னா எனக்குப் பயம் கிடையாது. ஆனா இங்க ஒரு விஷயம் என்னைய தினமும் குழப்புது, தெரிஞ்சவங்க இருந்தா கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

நாங்க சன்செட்ங்குற ஏரியா பக்கம் குடியிருக்கோம். இந்தப் பக்கம் சிக்னல் கம்மி, தெருவுக்குத் தெரு நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு தான். முதல்ல வந்து நின்னவங்க முதல்ல போகணும், ஒரே நேரத்துல வந்தா வலப்பக்கம் இருக்குறவங்களுக்கு வழி விடணும், ரூல் அவ்வளவு தான். மனுஷங்க ஓட்டுற வண்டின்னா இதுல ஒரு சிக்கலும் இல்ல, லேசா தலைய ஆட்டுவாங்க, இல்லன்னா ஸ்டியரிங்ல இருந்து ரெண்டு விரல தூக்குவாங்க, நாம போயிருவோம்.

போன செவ்வாய்க்கிழமை காலைல ஏழே முக்கால் இருக்கும், நல்ல மூடுபனி, பிள்ளைய ஸ்கூல்ல விடப் போறேன். எனக்கு வலப்பக்கத்துல இருந்து ஒரு ஆளில்லா டாக்ஸி வந்து நிக்குது, நானும் கிட்டத்தட்ட அதே நேரம் தான் நின்னேன், சரி அதுக்குத் தான் வழின்னு காத்திருந்தேன். அது அரை அடி முன்னால வந்துச்சு, டக்குன்னு நின்னுருச்சு. ஏன்னு பாத்தா எதிர் மூலைல ஒரு வயசான அம்மா நாயப் பிடிச்சுக்கிட்டு பிளாட்ஃபாரம் விளிம்புல நிக்கிறாங்க, கடக்கப் போறாங்களா நாய் மோந்து பாத்து முடிக்கட்டும்னு நிக்கிறாங்களா எனக்கே தெரியல. நான் பழக்கத்துல கைய ஆட்டி போ போன்னு காட்டுனேன், ஓட்டுற சீட்ல ஆளே இல்ல, ஸ்டியரிங் மட்டும் தானா ஒரு நூல் அளவு திரும்பி திரும்பி நிக்குது. சரி நாம போவோம்னு நான் நகர்ந்தேன், அதுவும் நகர்ந்துச்சு, ரெண்டு பேரும் பிரேக் போட்டோம். பின்னாடி இருந்த வேன்காரர் ஹார்ன் அடிச்சிட்டாரு. பின்சீட்ல இருந்து என் பொண்ணு கேக்குறா, ஆறு வயசு தான், "அப்பா, அது யாரப் பாத்து நிக்குது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அந்த அம்மாவப் பாத்தா, என்னையப் பாத்தா, இல்ல போர்டப் பாத்தா? நான் கை காட்டுறது அதுக்குத் தெரியுமா? என் வீட்டுக்காரி தினமும் தள்ளுவண்டில சின்னவன வச்சு அதே முனையக் கடக்குறா, அதனால தான் இத லேசா விட முடியல. இந்த மாதிரி இடத்துல நான் என்ன பண்ணுனா அதுக்கும் எனக்கும் நல்லது?


திட்டப்பாதை எழுதியது:

மாசிவீதி அண்ணே, உங்க பொண்ணு கேட்டது தான் சரியான கேள்வி. நான் ஆறு வருஷம் இந்த மாதிரி வண்டிக்குப் பாதை போடுற டீம்ல வேலை பாத்தேன், இப்ப வேற வேலைக்குப் போயிட்டேன், அந்த ஆறு வருஷமும் நாங்க ராத்திரி பகலா உக்காந்து பேசுனது இதப் பத்தி தான்.

அது ஒருத்தர மட்டும் பாத்து நிக்கல. சுத்தி என்ன இருக்குன்னு பாக்குறதுல இப்ப அவ்வளவு கஷ்டம் இல்ல, கூகுள்ல ஆரம்பிச்ச ஆளில்லா வண்டித் திட்டம் தான் இப்ப வேமோங்குற டாக்ஸி கம்பெனி, அவங்களோட ஐந்தாம் தலைமுறை ஜாகுவார் வண்டிய எடுத்துக்கிட்டா அதுல மட்டும் 29 கேமரா, லேசர் ஒளிய விட்டு தூரத்த அளக்குற லைடார் 5, ரேடார் 6 இருக்கு, மூடுபனிலயும் அந்த அம்மா, அந்த நாய், உங்க கார், பின்னாடி வேன் எல்லாம் எத்தனை அடி தூரத்துல எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுன்னு வந்துரும். கஷ்டம் அதுக்கு அப்புறம் தான் ஆரம்பிக்குது. ஒவ்வொருத்தரும் அடுத்த சில நொடில என்ன பண்ணுவாங்கன்னு யூகம் பண்ணணும், அதுவும் ஒரே ஒரு யூகம் பத்தாது, அந்த அம்மா இறங்கிக் கடக்கலாம், நிக்கலாம், நாய் கயித்த இழுத்துட்டு முன்னாடி ஓடலாம், நீங்க கிளம்பலாம், நிக்கலாம், எல்லாத்துக்கும் இவ்வளவு வாய்ப்புன்னு ஒரு மதிப்பு போட்டு, அதுக்கு நடுவுல தனக்கு எந்தப் பாதை தோதுப்படும்னு கணக்குப் போடும். ஒரு நொடிக்குள்ளயே பல தடவ இதையே முதல்ல இருந்து திரும்பப் போடும். நீங்க பாத்த ஸ்டியரிங் நடுக்கம் அது தான், கணக்கு மாற மாற பாதை கொஞ்சம் கொஞ்சமா மாறுது.

இதுல முடிச்சு எங்க விழுதுன்னா, நீங்க என்ன பண்ணுவீங்கங்குறது அது என்ன பண்ணுதுங்குறதப் பொறுத்தது, அது என்ன பண்ணணுங்குறது உங்களப் பொறுத்தது. ஆரம்ப காலத்துல இத யோசிக்காம, மத்தவங்க எல்லாரும் அவங்க பாட்டுக்குப் போவாங்க, நாம இடைவெளி கெடச்சா போகணும்னு மட்டும் எழுதினாங்க. அப்படி எழுதினா கூட்டம் இருக்குற இடத்துல எந்தப் பாதையும் பத்திரமா தெரியாது, வண்டி அப்படியே உறைஞ்சு போய் நிக்கும். 2010ல வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைல இதுக்கு உறைஞ்சு போற ரோபோன்னே பேரு வச்சாங்க. கூகுள் வண்டிக்கு 2009ல நாலு பக்க ஸ்டாப்லயே இது நடந்துருக்கு, மத்தவங்க முழுசா நிக்கட்டும்னு அது காத்துக்கிட்டே இருந்துச்சு, மனுஷங்க யாரும் முழுசா நிக்கல, கொஞ்சம் கொஞ்சமா ஊர்ந்துக்கிட்டே இருந்தாங்க, அதனால அதுக்கு முறையே வரல. அதுக்கு அப்புறம் தான் தானும் கொஞ்சம் மூக்க நீட்டணும்னு சேத்தாங்க. நீங்க பாத்த அரை அடி அது தான் அண்ணே. நான் போகப் போறேன், உங்களுக்குச் சம்மதமான்னு உங்ககிட்ட கேக்குது.

அதுக்கு நீங்க சொல்ற பதில அது உங்க கையில தேடாது. வேமோ வண்டி போலீஸ் காட்டுற கை, சைக்கிள்காரங்க காட்டுற கை எல்லாம் புரிஞ்சுக்கும்னு அவங்க சொல்றாங்க, அதெல்லாம் வெளில தெரியுற கை, அர்த்தமும் ஓரளவு முடிவானது. கண்ணாடிக்கு உள்ள, பனில, வெளிச்சம் அடிக்கிறப்ப ஒருத்தர் கைய ஆட்டுறார், அது போன்னு சொல்றதா பிள்ளையத் திட்டுறதான்னு தெரியாம அத நம்பி ஒரு வண்டிய நடுரோட்டுக்கு அனுப்ப எங்க டீம்ல நாங்க யாரும் ஒத்துக்கல. உங்க வண்டி நகருதா இல்லையாங்குறது தான் எங்களுக்குச் சாட்சி. நீங்க கைய ஆட்டிட்டே கொஞ்சம் ஊர்ந்திருப்பீங்க, உங்களுக்கே தெரிஞ்சிருக்காது, அது அதத் தான் பாத்திருக்கும்.

இங்க பெர்க்லி பல்கலைக்கழகத்துல 2016ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது. சிமுலேட்டர்ல தான். பக்கத்து வண்டி முதல்ல போகணுங்குற குறிக்கோள மட்டும் குடுத்துட்டு, உன் அசைவு அவங்கள எப்படி மாத்தும்னும் சேத்துக் கணக்குப் போடுன்னு விட்டாங்க. நாலு பக்க ஸ்டாப்ல அந்த வண்டி லேசா பின்னாடி போச்சு, நீங்க போங்கன்னு சொல்ற மாதிரி. பின்னாடி போகணும்னு யாரும் எழுதி வைக்கல, கணக்குல இருந்து தானா வந்தது. அத முதல் தடவ படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

யூகம் தப்பா போனா என்ன ஆகும்னும் சொல்லிடுறேன். 2016 பிப்ரவரி 14, மவுண்டன் வியூல எல் கமினோ ரியல் ரோடு. கூகுள் லெக்ஸஸ் வலப்பக்கம் திரும்ப ஓரமா வந்துச்சு, சாக்கடை வாய சுத்தி மணல் மூட்டை கெடந்துச்சு, திரும்ப நடுவுக்கு வரணும். பின்னாடி ஒரு பஸ் வருது. பஸ் வேகம் குறைச்சு வழி விடும்னு வண்டியும் நினைச்சுது, உள்ள உக்காந்திருந்த டெஸ்ட் டிரைவரும் கண்ணாடில பாத்துட்டு அதையே தான் நினைச்சாரு. பஸ் விடல. கார் மணிக்கு 2 மைல், பஸ் 15 மைல், யாருக்கும் அடி இல்ல. தங்கள் பக்கமும் கொஞ்சம் தப்பு இருக்குன்னு கூகுள் ஒத்துக்கிட்ட விபத்து அது, பஸ் மாதிரி பெரிய வண்டி மத்த வண்டிய விட வழி விடுறது குறைவுன்னு அதுக்கு அப்புறம் சேத்துக்கிட்டாங்க. நம்ம ஊர்ல பைக் ஓட்டுற எந்தப் பையனுக்கும் இது பாடம் எடுக்காமலே தெரியும்.

உங்களுக்கு நான் சொல்றது, முழுசா நில்லுங்க, ஊராதீங்க. போறதா இருந்தா தயங்காம போங்க, அது நிக்கும். நீங்க பாதி பாதி போனா தான் அதோட கணக்கு இழுத்துக்கிட்டே போகும்.


ரெண்டுசக்கரம் எழுதியது:

நான் ஆஸ்டின்ல இருக்கேன், வேலைக்கு சைக்கிள்ல தான் போறேன், ஒன்பது வருஷமா. திட்டப்பாதை சொன்ன ஊர்ற கதைக்கு எங்க ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு, 2015ல செய்தில வந்தது. ஒரு சைக்கிள்காரர் நாலு பக்க ஸ்டாப்ல கால கீழ ஊணாம பெடல்லயே பேலன்ஸ் பண்ணி நின்னாரு, நிறைய பேரு அப்படி நிப்போம், பழகிட்டா கால ஊணுறது சோம்பேறித்தனமா இருக்கும். அப்படி நிக்கிறப்ப சைக்கிள் ஒரு அங்குலம் முன்னாடி ஒரு அங்குலம் பின்னாடி ஆடும். கூகுள் லெக்ஸஸ் தான் முதல்ல வந்தது, அது கிளம்பும், இவரு ஒரு அங்குலம் முன்னாடி ஆடுவாரு, அது நின்னுரும், மறுபடி கிளம்பும், மறுபடி நின்னுரும். ரெண்டு நிமிஷம் இப்படியே, அது நடு முனையக் கூடத் தாண்டல. ஆனா அவரு சொன்னது என்னன்னா, அந்தக் கார் பக்கத்துல தான் தனக்குப் பத்திரமா இருந்துச்சுன்னு.

எனக்கும் அப்படித் தான். மனுஷங்க ஓட்டுற வண்டி என் முழங்கைய உரசிட்டுப் போயிருக்கு, கதவத் திறந்து நான் விழுந்து இடது மணிக்கட்டுல இப்பவும் கம்பி இருக்கு. ஆளில்லா வண்டி என்னைய ஒதுங்கித் தான் போகுது, எப்பவும் ஒரே இடைவெளி, கோபம் கிடையாது, போன் பாக்காது. ஆனா ஒண்ணு உறுத்துது. மனுஷன்னா கண்ணப் பாப்பேன், கண்ணு என் மேல பட்டுருச்சுன்னா தான் குறுக்க போவேன். இதுல கண்ணே இல்ல. என்னையப் பாத்துருச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? என்னைய அது பாத்தது அதுக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது, எனக்கும் தெரியணும். அது வேகத்தக் குறைக்கிறத கொஞ்சம் முன்கூட்டியே, தூரத்துல இருந்தே குறைச்சா எனக்கு நிம்மதியா இருக்கும், கிட்ட வந்து கச்சிதமா நிக்கிறது கணக்குப்படி சரியா இருக்கலாம், ஆனா ஹேண்டில் பிடிச்சிருக்குற எனக்கு அந்த ரெண்டு நொடி நெஞ்சு அடிச்சிக்குது.

அதனால நான் இப்ப எல்லாம் ஆளில்லா வண்டியப் பாத்தா கால நல்லா தரைல ஊணிடுறேன். அது உடனே போயிருது. மாசிவீதி, உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, தள்ளுவண்டியோட விளிம்புல நின்னு யோசிக்காதீங்க, கடக்கலன்னா ரெண்டு அடி பின்னாடி தள்ளி நில்லுங்க, கடக்குறதுன்னா வண்டி முழுசா நின்ன பிறகு இறங்குங்க.


கீழ்க்கட்டளை எழுதியது:

சென்னைல இருந்து எழுதுறேன். ப்ரோ, வழி விடுறது எல்லாம் சரி, ஆனா எல்லாரும் கேக்குற பெரிய கேள்விய யாரும் தொடலையே. பிரேக் பிடிக்கல, ஒரு பக்கம் குழந்தை, இன்னொரு பக்கம் பெரியவர், எந்தப் பக்கம் திருப்பும்? காலேஜ்ல எங்களுக்கு இதப் பத்தி ஒரு செமினாரே நடத்துனாங்க. அத யாரு முடிவு பண்றது, கம்பெனியா, அரசாங்கமா? அது தெரியாம எப்படி ரோட்ல விடுறாங்கன்னு எனக்குப் புரியல.


திட்டப்பாதை எழுதியது:

தம்பி, கேக்க வேண்டிய கேள்வி தான், தப்பே இல்ல. அமெரிக்காவுல இருக்குற எம்.ஐ.டி பல்கலைக்கழகத்துல இதையே இணையத்துல வச்சு உலகம் முழுக்கக் கேட்டாங்க, கிட்டத்தட்ட 4 கோடி பதில் வந்துச்சு, 2018ல நேச்சர் இதழ்ல வெளியாச்சு, நாட்டுக்கு நாடு பதில் மாறுது. ஜெர்மனில அதுக்கு முந்தின வருஷமே ஒரு நெறிமுறைக் குழு போட்டு 20 விதி எழுதினாங்க, தவிர்க்கவே முடியாத விபத்துல வயசு, ஆணா பெண்ணா, உடல் நிலை எதையும் வச்சு ஆளத் தரம் பிரிக்கக் கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. எனக்கு அது தான் சரின்னு படுது.

ஆனா ஆறு வருஷத்துல ஒரு நாள் கூட குழந்தையா பெரியவரான்னு நாங்க ஒரு வரி எழுதுனது இல்ல. வண்டிக்கு அந்த அளவுக்குத் தெளிவா எதுவும் தெரியாது. அது முன்னாடி இருக்குறது மனுஷனா இல்லையாங்குறதுலயே தடுமாறும், உண்மைல உயிர் போன இடம் அது தான்.

2018 மார்ச் 18, அரிசோனால டெம்பி, ராத்திரி பத்து மணிக்கு. ஊபரோட சோதனை வண்டி, வால்வோ. ஒரு பெண்மணி சைக்கிளத் தள்ளிக்கிட்டு ரோட்டக் கடக்குறாங்க, அங்க கிராசிங் இல்ல. விசாரணை அறிக்கை வெளில இருக்கு, நான் வரி வரியா படிச்சேன். மோதுறதுக்கு 5.6 நொடி முன்னாடியே வண்டி அவங்களப் பாத்துருச்சு. மணிக்கு 44 மைல் வேகம், அப்படின்னா நூறு மீட்டருக்கும் மேல தூரம் இருந்துச்சு, தாராளமா நின்னிருக்கலாம். ஆனா முதல்ல வண்டின்னு நினைச்சுது, அப்புறம் ஏதோ ஒரு பொருள்னு, அப்புறம் சைக்கிள்னு, மறுபடி மாத்துச்சு. பேரு மாத்துற ஒவ்வொரு தடவையும் அதுவரைக்கும் அவங்க எங்க இருந்து எங்க வந்தாங்கங்குற தடத்த அழிச்சிட்டு புதுசா ஆரம்பிச்சுது. அதனால குறுக்க நடந்து வர்றாங்கன்னு அதுக்குத் தோணவே இல்ல. கிராசிங் இல்லாத இடத்துல ஆளு கடப்பாங்கங்குறதே அந்த மென்பொருள்ல இல்ல. கடைசில ஆபத்துன்னு தெரிஞ்ச பிறகும் தேவையில்லாம பிரேக் அடிக்கக் கூடாதுன்னு ஒரு நொடி தாமதம் வச்சிருந்தாங்க, அந்த வேகத்துல ஒரு நொடின்னா 19 மீட்டருக்கும் மேல. வால்வோவோட சொந்த அவசர பிரேக்கையும் அந்த நேரம் அணைச்சு வச்சிருந்தாங்க. உள்ள இருந்த ஆளு ரோட்டப் பாக்கல.

அத படிச்ச அன்னைக்கு ராத்திரி நான் எங்க கோட எடுத்து வச்சு, பேரு மாறுனா தடம் அழியுதான்னு தேடுனேன். எங்களோடதுல அழியல, ஆனா தேட வேண்டியிருந்துச்சு பாருங்க, அது மனசுல நின்னுருச்சு. குறுக்க வர்றது சைக்கிளா, ஆளா, மாடாங்குறது அப்புறம் இருக்கட்டும், ஏதோ ஒண்ணு என் பாதைக்கு வந்துட்டு இருக்கு, அது போதும் பிரேக் போட.

சும்மா நின்னுட்டா, ஓரம் கட்டிட்டா பத்திரம்னும் சொல்ல முடியாது. 2023 அக்டோபர் 2, சான் ஃப்ரான்சிஸ்கோல மனுஷர் ஓட்டுன கார் ஒரு பெண்ண இடிச்சுத் தூக்கி பக்கத்துல வந்த க்ரூஸ் வண்டி (ஜெனரல் மோட்டார்ஸோட ஆளில்லா டாக்ஸி) முன்னாடி போட்டுச்சு, இடிச்சவர் நிக்காம போயிட்டாரு. க்ரூஸ் பலமா பிரேக் போட்டுச்சு, ஆனாலும் மோதிருச்சு, அது வரைக்கும் யாரு ஓட்டியிருந்தாலும் கஷ்டம் தான். அதுக்கு அப்புறம் தான் கொடுமை. பக்கவாட்டுல ஏதோ இடிச்சிருக்குன்னு தப்பா புரிஞ்சுக்கிட்டு, போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாம ஓரம் கட்டுவோம்னு நகர்ந்துச்சு, அடில அந்தப் பெண். 20 அடி இழுத்துட்டுப் போச்சு. ஒரு மனுஷன் இறங்கிப் பாத்திருப்பான். 24ம் தேதி கலிஃபோர்னியா அனுமதிய நிறுத்துச்சு, அடுத்த வருஷம் டிசம்பர்ல ஜெனரல் மோட்டார்ஸ் அந்தத் திட்டத்துக்குப் பணம் போடுறதையே விட்டுட்டாங்க.


இரவுப்பணி எழுதியது:

நான் ஃபீனிக்ஸ் பக்கம் நர்ஸ், பெரும்பாலும் நைட் டியூட்டி தான். சொந்த ஊரு நாகர்கோவில். எங்க பக்கம் 2020 அக்டோபர்ல இருந்து ஆளே இல்லாத வேமோ பொது ஜனத்துக்கு ஓடுது, அதனால எங்களுக்கு இது புதுசு இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்ல யாரு குடிச்சிட்டு வாறாங்கன்னு தெரியாது, அவங்க இடிச்சவங்கள தான் எங்க வார்டுக்குக் கொண்டு வருவாங்க, அதனால அந்த நேரத்துல பக்கத்து லேன்ல ஆளில்லா வண்டி நின்னா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு ஆறுதல், இத மறைக்கல.

ஆனா ரெண்டு விஷயம் சொல்லணும். இங்க மனுஷங்க இந்த வண்டியப் பழகிட்டாங்க. எப்படியும் நிக்கும்னு தெரிஞ்சு வேணும்னே குறுக்க விடுறாங்க, லெஃப்ட் எடுக்கக் காத்திருக்குறவங்க வேற வண்டின்னா நிப்பாங்க, இதுன்னா வெட்டிட்டுப் போறாங்க. அந்த வண்டி எல்லாத்துக்கும் விட்டுக் குடுத்தா ஒரு நாள் ஏறி மிதிச்சிருவாங்க, விட்டுக் குடுக்கலன்னா ஆளு அடிபடும், ரெண்டுக்கும் நடுவுல அது எங்க நிக்கணும்னு யாரு முடிவு எடுக்குறது? டெஸ்லா ஒரு தடவ, மனுஷங்க மாதிரியே ஸ்டாப்ல முழுசா நிக்காம உருண்டு போற மாதிரி மென்பொருள் குடுத்துட்டு, 2022 பிப்ரவரில 53,822 வண்டிக்கு அத எடுத்துவிட வேண்டி வந்துச்சு. ஊரே பண்ணுதுன்னு மெஷினும் பண்ண முடியாது, நல்ல வேளை நிறுத்துனாங்க.

அடுத்தது, இது தான் எனக்குத் தூக்கம் வராம பண்ணது. 2023 டிசம்பர் 11, இங்க ஃபீனிக்ஸ்ல ஒரு பிக்கப் டிரக்க பின்பக்கமா கட்டி இழுத்துட்டுப் போறாங்க, அது கோணலா ரெண்டு லேன்லயும் நீட்டிக்கிட்டு போகுது. வேமோ வண்டி அத இடிச்சுது, பெரிய அடி இல்ல. இழுக்குற வண்டிக்காரர் நிக்காம போறாரு, சில நிமிஷத்துல இன்னொரு வேமோ வந்து அதே டிரக்க அதே மாதிரி இடிச்சுது. டிரக்கோட மூஞ்சி ஒரு பக்கம், போற திசை இன்னொரு பக்கம், அதுல யூகம் பிசகிருச்சு. ஒரு மனுஷன் தப்பு பண்ணா அது அவனோட தப்பு, பின்னாடி வர்றவன் பாத்து ஒதுங்குவான். இங்க ஊர்ல ஓடுற அத்தனை காருலயும் உக்காந்திருக்குறது ஒரே டிரைவர் மாதிரி தானே. ஆஸ்பத்திரில ஒரு மருந்து அளவு தப்பா பிரிண்ட் ஆனா எல்லா வார்டுலயும் தப்பா போகும், அந்தப் பயம் எனக்குத் தெரியும். திருத்துனாலும் ஒரே நாள்ல எல்லா வண்டிலயும் திருத்திரலாம், அதுவும் தெரியும். 2025ல ஸ்கூல் பஸ் நிக்கிறப்ப வேமோ வண்டி தாண்டிப் போறதா புகார் வந்து டிசம்பர்ல மென்பொருள் ரீகால் பண்ணாங்க. ஆனா திருத்துறதுக்கு முன்னாடி அந்த முனைல நிக்கிற பிள்ளை யாரோடது?


கீழ்க்கட்டளை எழுதியது:

அக்கா சொன்னத படிச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன், ஊபர் விஷயம் எனக்கு இவ்வளவு விவரமா தெரியாது, திட்டப்பாதைக்கு நன்றி.

நம்ம ஊரப் பத்தி ஒண்ணு சொல்லத் தோணுது. இங்க எதிர்ல வர்றவன் ஹெட்லைட்ட ரெண்டு தடவ அடிச்சா நான் வர்றேன் நீ நில்லுன்னு அர்த்தம். என் மாமா பையன் நியூஜெர்சில இருக்கான், அங்க அதே லைட் அடிச்சா நீ போன்னு அர்த்தமாம், போன புதுசுல இதுல ஒரு தடவ இடிக்கப் பாத்தானாம். ஒரே சைகை, நேர் எதிர் அர்த்தம். அப்ப அமெரிக்காவுல பழகுன வண்டிய அப்படியே கொண்டு வந்து ஜி.எஸ்.டி ரோட்ல விட முடியுமா? நடக்குறவங்க இங்க கண்ணப் பாக்க மாட்டாங்க, உள்ளங்கைய வண்டிப் பக்கம் தாழ்வா நீட்டிக்கிட்டே இறங்கிருவாங்க, பல்லாவரம் சந்தை நாள்ல வந்து பாருங்க, அந்தக் கைய நம்பித் தான் நூறு பேரு கடக்குறாங்க, வண்டிக்காரனும் அந்தக் கைக்குக் கட்டுப்படுவான். அந்தக் கை அதுக்குத் தெரியணும்.

ஹைதராபாத் ட்ரிபிள் ஐ.டில இதுக்குன்னே ஹைதராபாத், பெங்களூரு ரோட்ல வண்டி விட்டுப் படம் எடுத்து 10,000 படத்துல ஒவ்வொரு பொருளுக்கும் 34 வகைல பேரு போட்டு வெளியிட்டிருக்காங்க, ஆட்டோவுக்கு, விலங்குக்குத் தனி வகை, ரோட்டு ஓரத்து மண்ணு, அவசரத்துக்கு இறங்கலாம்ங்குற இடம் அதுக்கும் தனி வகை. வெளிநாட்டுத் தொகுப்புல தார் ரோடு முடிஞ்சா ரோடு முடிஞ்சுது, நம்ம ஊர்ல முடியாது. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017லயே டிரைவர் வேலை போயிரும், ஆளில்லா கார இங்க விட மாட்டோம்னு சொன்னாரு, 2023லயும் சொன்னாரு. எங்க அப்பா இருபத்தி ரெண்டு வருஷமா கால் டாக்ஸி ஓட்டுறாரு, அதனால அந்தப் பேச்சு எனக்கு வெறும் செய்தி இல்ல. அவரு ஓட்டுறதப் பக்கத்து சீட்ல இருந்து பாத்தா, பஸ் ஸ்டாப்ல பஸ் நின்னா முன்னாடி இருந்து யாராவது ஓடி வருவாங்கன்னு பஸ்ஸத் தாண்டுறதுக்கு முன்னாடியே பிரேக் மேல கால் போயிரும், கீழ தரைல நிழல் தெரியுதான்னு பாப்பாரு. இத எப்படி எழுதுவாங்க?


திட்டப்பாதை எழுதியது:

தம்பி, உங்க அப்பா பண்றத எழுதலாம், எழுதியும் இருக்காங்க. தானா ஓடுற வண்டிக்குத் தொழில்நுட்பம் பண்ற மொபில்ஐ கம்பெனிக்காரங்க 2017ல வெளியிட்ட விதில இது ஒண்ணு, பார்வை மறைக்கிற இடத்துல அதுக்குப் பின்னாடி ஒருத்தர் இருக்காங்கன்னே வச்சுக்கிட்டு வேகத்தக் குறைக்கணும். அதுலயே இன்னொண்ணு, வழி உரிமை அடுத்தவங்க குடுத்தா வாங்கிக்கிறது, நாமா பிடுங்கிக்கிறது கிடையாது. இரவுப்பணி அக்கா கேட்டதுக்கு அந்த விதி ஒரு பாதிப் பதில் தான், ஏறி மிதிக்கிறவங்கள என்ன பண்றதுங்குறதுக்கு அதுல பதில் இல்ல. எனக்கும் இன்னும் தெரியல அக்கா. ஆனா நிழலப் பாத்து கண்டுபிடிக்கிற விஷயம் அருமை, அப்பாவ ஒரு நாள் உக்கார வச்சு எதுக்கெல்லாம் கால் பிரேக்குக்குப் போகுதுன்னு கேட்டு எழுதி வைங்க, உண்மையாவே கேக்குறேன், எனக்கும் அனுப்புங்க.


மாசிவீதி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல, வீட்டம்மாவும் உக்காந்து முழுசா படிச்சா.

ஒரு சந்தேகம் மட்டும். 2025 டிசம்பர் 20 எங்க ஏரியா முழுக்க கரண்ட் போச்சே, அன்னைக்கு சிக்னல் எல்லாம் இருட்டு, வேமோ வண்டி அங்கங்க முனைல நின்னுருச்சுன்னு எல்லா செய்திலயும் வந்துச்சு. சிக்னல் இல்லன்னா அதுவும் நாலு பக்க ஸ்டாப் தானே, அது அதுக்குத் தெரியாதா?


திட்டப்பாதை எழுதியது:

தெரியும் அண்ணே. அணைஞ்ச சிக்னல நாலு பக்க ஸ்டாப்பா எடுத்துக்கணும்னு எழுதித் தான் இருந்துச்சு, அன்னைக்கு 7,000க்கும் மேல இருட்டு சிக்னல அப்படித் தாண்டியிருக்குன்னு வேமோ சொல்லுச்சு. சந்தேகம் வந்தா வண்டி ஆபீஸ்ல இருக்குற ஆள்கிட்ட இது சரி தானான்னு ஒரு வார்த்தை கேக்கும், அவங்க வண்டிய ஓட்ட மாட்டாங்க, பதில் மட்டும் சொல்வாங்க. ஒண்ணு ரெண்டு சிக்னல் அணைஞ்சா அது ஓடும். ஊர்ல நிறைய சிக்னல் அணைஞ்சு எல்லா வண்டியும் ஒரே நேரத்துல கேட்டா பதில் வர நேரம் ஆகும், அது வரைக்கும் நடு முனைல நிக்கும், பின்னாடி வர்றவங்களும் மாட்டிக்குவாங்க. ஜாக்கிரதைக்குன்னு வச்சது தான் அன்னைக்கு அடைச்சுக்கிட்டுது.


மாசிவீதி எழுதியது:

புரிஞ்சுது. இன்னைக்குக் காலைல அதே முனைல அதே மாதிரி ஒண்ணு வந்துச்சு, இந்தத் தடவ எனக்கு எதிர்ல. நான் கோட்டுக்கு முன்னாடியே நிறுத்தி பிரேக்க நல்லா அமுக்கிப் பிடிச்சேன், கைய ஸ்டியரிங்ல இருந்து எடுக்கல. ஒரு நொடி இருக்கும், அது மூக்க நீட்டுச்சு, நான் அசையல, நேரா போயிருச்சு. பொண்ணுகிட்ட சொன்னேன், அது நம்ம சக்கரத்தத் தான் பாத்துச்சும்மான்னு. அவ கண்ணாடில மூக்க ஒட்டி வச்சு அது போறதயே பாத்துட்டு, "அப்ப அந்தப் பாட்டியோட நாய்க்கு சக்கரம் இல்லையே"ன்னா. சாயங்காலம் வர்றப்ப அந்த அம்மா அதே விளிம்புல தான் நின்னாங்க, வண்டிய ஓரமா போட்டுட்டு இறங்கிப் போய் ரெண்டுசக்கரம் சொன்னத சொன்னேன், ரெண்டு அடி பின்னாடி நில்லுங்கன்னு. சிரிச்சிக்கிட்டே நாய்க்கயித்த இழுத்துச் சுத்திக்கிட்டாங்க.